இரண்டு பேர் கிளம்புகிறார்கள்

அன்புள்ள மகளுக்கு,

ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பிரிப்பதற்காகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் குழுவில் நீயும் இருப்பதாக எழுதியிருந்தாய். பயமாக இருக்கிறது என்றும் சொன்னாய். இருக்கட்டும், பயந்தவள்தான் எதையும் இன்னொரு முறை சரிபார்ப்பாள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் இத்தனை வருஷம் நின்றவள் என்ற உரிமையில் சிலதைச் சொல்கிறேன். தெரிந்ததாக இருந்தால் தாண்டிப் போ.

வார்டில் எல்லோரும் ‘அந்தக் குழந்தை’ என்பார்கள். நீ அப்படிச் சொல்லாதே. அவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி கேஸ் ஷீட். ஒருத்திக்குச் சிவப்பு, மற்றவளுக்கு நீலம் என்று வைத்துக்கொண்டு கைப்பட்டை, நரம்பில் மருந்து ஏற்றும் ஐவி லைன், வென்டிலேட்டர் குழாய், மானிட்டர் வயர், மருந்து ஏற்றிய சிரிஞ்சு எல்லாவற்றிலும் அதே நிற டேப் ஒட்டுங்கள். நர்ஸ்களும் அதேபோல் ஆளுக்கொரு நிறம். ஓடும் வண்டியில் அலாரம் அடிக்கும்போது யார் யாரைப் பார்ப்பது என்று பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் உடம்பு நம் டேப்பை மதிக்காது. நெஞ்சில் ஒட்டியவர்களுக்கு இதய உறையோ, சில சமயம் இதயமேயோ பொதுவாக இருக்கும். வயிற்றில் ஒட்டியவர்களுக்குப் பெரும்பாலும் கல்லீரல் இணைந்திருக்கும். இரத்தம் கலந்து ஓடினால் ஒருத்திக்குப் போட்ட மயக்க மருந்து மற்றவளையும் அசத்திவிடும். எடையைத் தனித்தனியாக எடுக்கவும் வழியில்லை, தராசு மொத்தத்தைத்தான் காட்டும். அதனால் ஒவ்வொரு மருந்தும் யாருக்கு, எவ்வளவு என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். யாருக்குப் போட்டாலும் இரண்டு முகத்தையும் பார். இதயத் துடிப்பைக் காட்டும் ஈசிஜி அலையை மட்டும் நம்பாதே, ஒருத்தியின் துடிப்பு மற்றவளின் திரையில் கலந்து தெரியலாம். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை இருவருக்கும் தனித்தனியே மாட்டு.

கேட்கவே மனம் வராத கேள்வி ஒன்று உண்டு. வழியில் ஒருத்தியின் இதயம் நின்றால் என்ன செய்வது? 1811இல் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பிறந்த சாங், எங் சகோதரர்கள் 62 வயது வரை ஒட்டியபடியே வாழ்ந்தார்கள். 1874இல் சாங் தூக்கத்தில் இறந்தார், சில மணி நேரத்தில் மற்றவரான எங் என்பவரும் இறந்துவிட்டார். ஒருத்திக்கு ஆபத்து என்றால் மற்றவளுக்கும் நேரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அறுவை சிகிச்சைக் குழுவிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசி முடிவைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள். முகம் பார்த்து ஒட்டியிருப்பவர்களுக்கு நெஞ்சை அழுத்தக் கை வைக்கும் இடமே சிக்கல். இரண்டு பொம்மைகளைச் சேர்த்துக் கட்டி ஒத்திகை பாருங்கள். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வண்டி விஷயம். ஒரு குழந்தைக்காகச் செய்த இன்குபேட்டரில் இருவர் அடங்குவார்களா, பெல்ட் எட்டுமா, அது லிஃப்ட்டில் நுழையுமா என்று முதல் நாளே அளந்து பார். ஆக்சிஜன் இருவருக்குமாகச் செலவாகும். பயண நேரத்துக்குக் கணக்குப் போட்டு, அதுபோல் இன்னொரு பங்கு கையிருப்பு வை. தொப்பி, சூடேற்றிய துணி, பிளாஸ்டிக் உறை எல்லாம் தயாராக இருக்கட்டும், குளிர்ந்துவிட்டால் மற்ற பாடெல்லாம் வீண்.

திருப்பும்போது ஒருத்தியின் குழாய் சரியாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கையில் மற்றவளின் குழாய் இழுபட்டிருக்கும். ஒருவர் சத்தமாக எண்ண, எல்லோரும் ஒன்றாகத் திருப்புங்கள். கீழே அழுந்துபவளின் காது, கன்னம், தோள் புண்ணாகிவிடும். ஒட்டிய மடிப்பில் ஈரம் தங்கும், ஒற்றி எடு, தேய்க்காதே.

தாய் அநேகமாக சிசேரியன் ஆகி வேறு வார்டில் படுத்திருப்பாள். கிளம்பும் முன் சக்கர நாற்காலியிலாவது கூட்டி வந்து இருவரையும் தொடச் சொல். வேடிக்கை பார்க்கவும் போனில் படம் எடுக்கவும் வருபவர்களை, நம் ஆட்களே ஆனாலும், வாசலிலேயே நிறுத்து. இதில் உனக்குச் சங்கோஜமே வேண்டாம்.

அங்கே போனதும் ஒப்படைப்பதை இரண்டு முறை செய். சிவப்பை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு நீலத்துக்கு வா. அப்புறம் எனக்கு ஒரு போன் போடு, நேரம் பார்க்காதே. ஏறும் முன் சாப்பிட்டுவிடு.

அன்புடன்,
அம்மா