எண்ணெய்க் குழாய் ஒழுகினால் முதலில் மரையைப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீளத் திறந்துவிடப்பட்டது. ஆயினும் புதிய வாகனங்களின் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாததால், பழைய பிரித்தானிய வாகனங்களைத் திருத்தி ஓடவைக்கும் வேலை வன்னியில் குறையவில்லை. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவற்றோடு, அபூர்வமாக எம்.ஜி.பி. போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் வவுனியாக் கராஜ்களுக்கு வந்து போகின்றன. இவற்றின் எண்ணெய்க் குழாய் இணைப்புகளில் ஏற்படும் ஒழுக்கைத் திருத்தும் முறை பற்றியே எழுத விரும்புகிறேன். ஏனெனில் எங்கள் பகுதியில் வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் பல சமயங்களில் நோயைக் கூட்டிவிடுகிறது.

1962 முதல் 1980 வரை உற்பத்தி செய்யப்பட்ட எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. இயந்திரத்திலிருந்து ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள எண்ணெய்க் குளிரூட்டிக்கு இரண்டு ஹோஸ்கள் செல்கின்றன. அழுத்தமானிக்கு ஒரு மெல்லிய குழாய் தனியே செல்கிறது. ஓடும்போது இவற்றுக்குள் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 இறாத்தல் வரை அழுத்தம் இருக்கும். இயந்திரத்தில் உள்ள மொத்த எண்ணெயோ சுமார் 4 லீற்றர்தான். ஆகவே இந்த இணைப்புகளில் ஒன்று விட்டுப்போனால், சாரதி அழுத்தமானியைக் கவனிப்பதற்குள் பெயரிங்குகள் எண்ணெயின்றி எரிந்துபோக வாய்ப்புண்டு.

ஒழுக்கைக் கண்டதும் ஸ்பனரை எடுத்து இன்னும் ஒரு சுற்று இறுக்குவதும், அதற்கும் நிற்காவிட்டால் வெள்ளை டெஃப்லோன் ரேப்பைச் சுற்றுவதும்தான் நமது வழக்கம். நேர்மரை (முனையை நோக்கிக் கூம்பாமல் ஒரே விட்டமாக உள்ள மரை) கொண்ட இணைப்பில் மரை வெறுமனே இறுக்கிப் பிடிக்கிறதே தவிர எண்ணெயைத் தடுப்பதில்லை. தடுப்பது வாசரோ, ஒன்றோடொன்று பொருந்தும் கூம்பு முகங்களோதான். அவ்விடத்தில் ரேப் சுற்றுவதால் பயனில்லை என்பதோடு, அதன் இழைகள் பிய்ந்து எண்ணெய் வழிகளை அடைத்துவிடவும் கூடும். கூம்பு முகத்தில் ஒரு கீறல் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுக்கு நிற்காது. குளிரூட்டியின் கழுத்தோ மெல்லிய தகட்டில் ஒட்டவைக்கப்பட்டது. ஒரு ஸ்பனரால் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருப்பாவிட்டால், கழுத்தே முறுகிக் கிழிந்துவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை மரைக் கலப்பு. பிரித்தானிய வாகனங்களில் பரவலாகக் காணப்படும் எட்டில் ஒரு அங்குல பி.எஸ்.பி. (பிரித்தானியக் குழாய்மரைத் தரம்) மரைக்கு, எட்டில் ஒன்று என்பது குழாயின் பெயரளவு மட்டுமே; மரையின் வெளிவிட்டம் 9.73 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 28 மரை, மரைக்கோணம் 55 பாகை. அதே பெயரளவிலான அமெரிக்கக் குழாய்மரையான என்.பி.ரி.க்கு அங்குலத்துக்கு 27, கோணம் 60 பாகை. ஜப்பானிய வாகனங்களுக்கென விற்கப்படும் 10 மில்லிமீற்றர் மரையும் கண்ணுக்கு இவற்றைப் போலவே தோன்றும். ஒன்றில் மற்றது இரண்டு மூன்று சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும், பிறகு இறுகிவிட்டது போலவும் இருக்கும். உண்மையில் அங்கே மரைதான் தின்னப்படுகிறது. இயந்திரத்தின் வார்ப்பிரும்பில் உள்ள மரை அப்படிப் போய்விட்டால், சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை கடைசலுக்குப் போய் நிற்கும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய நமது மெக்கானிக்குகளின் கைத்திறனில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் எதுவுமே வாங்க முடியாத அந்த நாட்களில் ரயர் ரியூப்பை வெட்டி வாசராக்கிய பழக்கம், எல்லாம் கிடைக்கும் இன்றும் தொடர்கிறது. ரியூப் இறப்பர் எண்ணெயில் ஊறிப் பொருமிவிடும். செப்பு வாசரின் விலை மிகச் சொற்பம்; பழையதைக்கூட மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கி நீரில் போட்டு எடுத்தால் மீண்டும் மென்மையாகிவிடும். அழுத்தமானியின் முனையில் வரும் சிறிய தோல் வாசரைக் கழற்றிய பின் திரும்பப் போடாமல் விடுபவர்கள் பலர். பிறகு டாஷ்போட்டுக்குக் கீழே எண்ணெய் சொட்டிச் சாரதியின் காற்சட்டை நனைந்ததும்தான் அப்படியொரு வாசர் இருந்தது நினைவுக்கு வருகிறது.

எங்கே ஒழுகுகிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கி அடித்துச் செல்வதால், சொட்டும் இடம் பெரும்பாலும் ஒழுகும் இடமாக இராது. இணைப்புகளை மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சிறிது முகப்பவுடரைத் தூவி, பிறகு இயந்திரத்தை இயக்கினால் ஈரம் கசியும் கோடு தெளிவாகத் தெரியும்.

ஹோஸை மாற்றுவதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. உழவு இயந்திரங்களுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகளில் பி.எஸ்.பி. முனைகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கு கிடைக்கும் சாதாரண ஆர்-1 வகை (ஒரு அடுக்குக் கம்பிப் பின்னல் கொண்ட) ஹோஸ், அழுத்தத்தை எளிதாகத் தாங்கினாலும் 100 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கே மதிப்பிடப்பட்டது. சித்திரை வெயிலில் ஏ-9 வீதியில் நீண்ட தூரம் ஓடும் காரின் எண்ணெய் அதைத் தாண்டக்கூடும். அதிக வெப்பம் தாங்கும் ஹோஸைக் கேட்டு வாங்குவதே முறை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் ஏனைய தொழிற்பயிற்சி நிலையங்களும் தமது முழுநேர மாணவர்களோடு நின்றுவிடாமல், ஏற்கனவே கராஜ் நடத்துபவர்களுக்கும் மரைகளை இனங்காணும் ஒருநாள் பயிற்சியை விடுமுறை நாளொன்றில் நடத்த முன்வர வேண்டும். உதிரிப்பாகக் கடைக்காரர்கள் ஒவ்வொரு இணைப்பின் பையிலும் மரை வகையையும் அளவையும் எழுதி ஒட்டுவதோடு, வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய துண்டை அளந்து பார்க்க மேசையில் ஒரு மரை அளவியும் வைத்திருக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பழைய வாகனம் திருத்துபவர் ஒருவர்,
வவுனியா.