செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நகரக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம்

தலைவர் அவர்களுக்கும், மூத்த மருத்துவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான சங்கச் செயல்பாடுகளைச் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. ஜூலை 1 மருத்துவர் தினத்தில் மூத்த உறுப்பினர்கள் இருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வார விழிப்புணர்வுப் பேச்சு நடந்தது. நவம்பர் 12 நிமோனியா தினத்தில் ஒரு கருத்தரங்கம். குழந்தைகள் தின ஓவியப் போட்டி வழக்கம்போல் சிறப்பாக நடந்தது.

அடுத்தது யு-வின் என்ற அரசுத் தடுப்பூசித் தளத்தில் பதியும் பணி. செயலாளர் எந்தக் கூட்டத்திலும் இதையே பேசுகிறார் என்று சில உறுப்பினர்கள் வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். அதனாலேயே இதை இங்கே விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கொரோனா காலத்துக் கோ-வின் போலவே, கர்ப்பிணிகளுக்கும் 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் போடும் தடுப்பூசிகளை ஆள்வாரியாகப் பதிவு செய்யும் தளம் யு-வின். 2023 ஜனவரியில் மாநிலத்துக்கு இரண்டு மாவட்டம் என்று முன்னோட்டமாகத் தொடங்கி, 2024 அக்டோபர் 29 அன்று நாடு முழுவதற்கும் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த தவணை வரும்போது பெற்றோருக்கு எஸ்எம்எஸ் போகும். கியூஆர் கோடுடன் சான்றிதழும் கிடைக்கும். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். நம் கிளினிக்கில் போடும் ஊசியை நாம் அதில் ஏற்றுகிறோமா என்பதுதான் என் கேள்வி.

டிசம்பரில் ஒரு மாலை, நகர்ப்புற சுகாதார செவிலியர் ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். கையில் மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியிருந்த ஒரு தாள். தவணை தவறிய குழந்தைகளின் பட்டியல் அது. இரண்டு நாளாக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். போன வீடுகளில் பாதிக்கு மேல், "நாங்க பிரைவேட்ல போட்டாச்சு சிஸ்டர், எத்தனை தடவை வருவீங்க" என்று அலுத்துக்கொண்டிருக்கிறார்கள். உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்தோம். ஏழு குழந்தைகள் என் ரெஜிஸ்டரிலேயே இருந்தார்கள். தேதி, பேட்ச் எண் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. தளத்தில் மட்டும் இல்லை.

அதே தாளில் கீழே ஒரு பெயர். ஆறாவது வாரத் தவணையோடு நின்றுபோன குழந்தை. எந்த கிளினிக்கிலும் போடவில்லை. செவிலியர் அந்த வீட்டுக்குப் போனபோது கதவில் பூட்டு. கட்டட வேலைக்கு வந்த குடும்பம், அதற்குள் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. "முதல்லயே அந்த வீட்டுக்குப் போயிருந்தா பிடிச்சிருப்பேன் டாக்டர்" என்றார். அந்த ஏழு வீடுகளுக்கு அவரை அலையவிட்டது நான்தான். நான் ஏற்றாத ஏழு பதிவுகள். அன்று இரவே உட்கார்ந்து ஏற்றினேன். இந்தப் பணியில் நான் இவ்வளவு தீவிரமாக இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

ஜனவரி முதல் ஞாயிறுதோறும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உறுப்பினர்களின் கிளினிக்குகளுக்குப் போனேன். டாக்டருக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, ரிசெப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கோ சிஸ்டருக்கோ சொல்லிக்கொடுப்பதில்தான் பலன் இருக்கிறது என்பதை இரண்டாவது ஞாயிறே புரிந்துகொண்டேன். பதிவில் அதிகம் தடுமாறுவது ஒரே இடத்தில். பிறந்த மருத்துவமனையில் குழந்தையை "பேபி ஆஃப்" என்று அம்மா பெயரோடு ஏற்றியிருப்பார்கள். ஆறாவது வாரம் நம்மிடம் வரும்போது குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, செல் நம்பரும் வேறு. தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்று புதிதாக ஏற்றினால் ஒரே குழந்தை இரண்டாகிவிடும். ஒன்று பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியோடு நிற்கும், இன்னொன்று பிசிஜியே போடாததாகக் காட்டும். ஆகவே முதல் கேள்வியாக, "பிரசவத்தப்போ எந்த நம்பர் குடுத்தீங்க?" என்று கேட்கப் பழக்கினோம். பெரும்பாலும் பாட்டி நம்பராக இருக்கும். அதைப் போட்டதும் குழந்தை கிடைத்துவிடும்.

மார்ச்சில் வீடு மாறிய ஒரு குடும்பம், கார்டைத் தொலைத்துவிட்டு உறுப்பினர் ஒருவரிடம் வந்தது. பதிவு எதுவும் இல்லையென்றால் போடாததாகக் கொண்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் முறை. தளத்தில் தேடியபோது பிறந்த அன்று போட்ட மூன்றும், ஆறு, பத்து வாரத் தவணைகளும் வேறு ஊரிலிருந்து ஏறியிருந்தன. மிச்சத்தை மட்டும் போட்டு அனுப்பினார். அன்று மாலை அவரே எனக்கு போன் செய்து சொன்னார். அதுவரை இந்த வேலை வேண்டாம் என்றிருந்தவர்.

உறுப்பினர்கள் சொன்ன தயக்கங்களை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஏற்கெனவே ரெஜிஸ்டர், கிளினிக் சாஃப்ட்வேர், அம்மாவின் கார்டு என்று மூன்று இடத்தில் எழுதுகிறோம், இது நான்காவது. கூட்டமான மாலையில் இரண்டு நிமிடமும் பெரிதுதான். ஓபி முடிந்தபின் ரெஜிஸ்டரைப் பார்த்து அன்றைக்கே ஏற்றுவது எங்களுக்குச் சரிவந்திருக்கிறது. மறுநாளைக்கு என்று விட்டால் ஒரு வாரம் சேர்ந்துவிடும். நம் நோயாளிகள் அரசு மையத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயமும் பேசப்பட்டது. என் அனுபவத்தில் ஒருவர்கூடப் போகவில்லை. 2026க்குள் தட்டம்மை, ரூபெல்லாவை ஒழிப்பது நாட்டின் இலக்கு. அதற்கு இரண்டு தவணையும் 95 சதவீதத்துக்கு மேல் போயிருக்க வேண்டும். நாம் போடுவது கணக்கில் வராவிட்டால் எந்தத் தெருவில் ஓட்டை இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்றைய நிலையில் ஒன்பது கிளினிக்குகள் தொடர்ந்து பதிகின்றன. நான்கு தொடங்கி நிறுத்திவிட்டன. மற்றவர்கள் இன்னும் தொடங்கவில்லை.

வருத்தத்தோடு இதையும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் நடந்த முழுநாள் பயிற்சிக்கு வருகிறோம் என்று நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னீர்கள். நாற்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது. வந்தவர்கள் பதினொரு பேர். பயிற்சி அளிக்க வந்த சுகாதாரத் துறை ஊழியர்கள் அவர்களுடைய விடுமுறை நாளை நமக்குக் கொடுத்திருந்தார்கள். மீதிச் சாப்பாட்டை அருகிலுள்ள இல்லத்துக்கு அனுப்பினோம். வர முடியாதவர்கள் முந்தைய நாள் ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

சந்தா விஷயமும் அப்படித்தான். இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. பயிற்சிச் செலவில் ஒரு பகுதியைச் செயற்குழுவினரே கையிலிருந்து போட்டார்கள். வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டுள்ளது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

உறுதுணையாக இருந்த தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், கருத்தரங்குக்கு இடம் தந்த மருத்துவமனை நிர்வாகம் ஆகியோருக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி. கூப்பிட்டபோதெல்லாம் வந்த நகர்ப்புற சுகாதார செவிலியர்களுக்குத் தனியாக என் நன்றி.

என் பதவிக்காலம் இன்னும் ஓராண்டு இருக்கிறது. எல்லா ஞாயிறும் ஒரே ஆள் லேப்டாப்போடு சுற்றுவது நீடிக்காது. இப்போது பதிந்துவரும் ஒன்பது பேரும் ஆளுக்கு இரண்டு கிளினிக்கைப் பொறுப்பெடுத்தால் பெரும்பாலானவர்களை எட்டிவிடலாம். இளம் உறுப்பினர் ஒருவர் இதற்கு ஒருங்கிணைப்பாளராக முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைக்கிறேன். அடுத்த பயிற்சி ஜூன் இரண்டாவது ஞாயிறு காலை 10 மணிக்கு, இதே அரங்கில். உங்களால் வர முடியாவிட்டால் ரிசெப்ஷனில் இருப்பவரை அனுப்புங்கள். கூடவே கடந்த மூன்று மாத ரெஜிஸ்டரையும் கொடுத்துவிடுங்கள், அங்கேயே உட்கார்ந்து ஏற்றிவிடலாம். சந்தா ரசீதுப் புத்தகம் இன்று வாசலில் பொருளாளரிடம் இருக்கும்.

பணிவுடன்,
செயலாளர்