விசிலுக்கு முன்னால் ஒரு வார்த்தை: வாலிபால் நடுவராகிவிட்ட என் மாணவிக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு நீ போன் செய்தபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். "சார், தப்பு பண்ணிட்டேனா?" என்ற ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாய். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. ரெண்டு நாள் யோசித்து இதை எழுதுகிறேன். உன்னைப் போல இப்போதுதான் விசிலைக் கையில் எடுத்திருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன்.

நீ சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்று செட் ஆட்டம். முதல் செட்டிலேயே அந்தக் கோச் தன் இடத்தைத் தாண்டி அட்டாக் லைனுக்கு அந்தப் பக்கம், நெட் ஓரம் வரைக்கும் வந்து வந்து போனார். ஒவ்வொரு பாயிண்டுக்கும் கையை விரித்துக் காட்டினார். நீ நடுவர் ஸ்டாண்டின் மேலிருந்து பார்த்தாய், எதுவும் சொல்லவில்லை. ரெண்டாவது செட்டில் 24-23. அவர் அணிதான் பின்தங்கியிருக்கிறது, முதல் செட்டும் போய்விட்டது. மறுபடி நெட் வரைக்கும் வந்து கையை விரித்தார். நீ சிவப்பு அட்டையைக் காட்டினாய். எதிரணிக்கு ஒரு பாயிண்ட். 25-23. ஆட்டமே முடிந்தது. அந்தப் பிள்ளைகள் பந்தைத் தொடாமலே தோற்றார்கள். கீழே இறங்கி வந்தபோது கோச் உன்னிடம், "முதல் செட்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேனே" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னை அரித்தது அந்த ஒரு வரிதான்.

அவர் சொன்னது சரிம்மா. அவர் நடந்துகொண்டது சரியில்லை. ஆனால் சொன்னது சரி.

விதிப் புத்தகத்தை எடுத்து, ஒழுங்கீனமும் தண்டனையும் பற்றிய பகுதியின் முதல் வரியைப் படி. சின்னச் சின்ன ஒழுங்கீனத்துக்குத் தண்டனை கிடையாது. அணிகள் தண்டனை அளவுக்குப் போய்விடாமல் தடுப்பது முதல் நடுவரின் கடமை என்றுதான் அந்தப் பகுதி தொடங்குகிறது. கடமை என்றே போட்டிருக்கிறது. நடுவர் மனசு வைத்துச் செய்யும் சலுகையாக அதை எழுதவில்லை. முதல் படி, கேப்டனைக் கூப்பிட்டு வாயால் சொல்வது. ரெண்டாவது படி மஞ்சள் அட்டை. அதற்குப் பாயிண்ட் போகாது, ஸ்கோர் ஷீட்டில் மட்டும் ஏறும். சிவப்பு அதற்கும் அப்புறம். முரட்டுத்தனமாக நடந்துகொண்டால் நேராகச் சிவப்புக்குப் போகலாம், அது வேறு. நெட் ஓரம் வந்து கையை விரிப்பது அந்தக் கணக்கில் வராது. நீ ரெண்டு படியைத் தாண்டிக் குதித்துவிட்டாய்.

அதைவிட எனக்கு வலித்தது முதல் செட்டில் நீ காத்த மௌனம். பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாய். அவரைப் பொறுத்தவரை, நடுவர் இதைக் கண்டுகொள்வதில்லை என்று அர்த்தம். அரை மணி நேரம் அனுமதித்த ஒன்றுக்கு 24-23ல் தண்டனை கொடுத்தால், அட்டை அவருடைய செயலுக்கு வந்ததா, உன் எரிச்சலுக்கு வந்ததா என்று கேலரியில் இருப்பவன் கேட்பான். உன்னாலும் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் நாலு தடவை கேட்டாய்.

இதுவரைக்கும் படித்துவிட்டு, "சரி சார், இனிமேல் எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லிடறேன்" என்று கிளம்பிவிடாதே. சொல்லக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்ட நாளில் நீயும் அங்கே இருந்தாய். ஆறாம் வகுப்பு. பெஞ்சுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாய்.

மண்டல அளவுப் போட்டி, கடைசி செட். 13-12, நாம் முன்னால். சர்வீஸ் நமக்குத் திரும்பி வந்திருக்கிறது. நாலாம் நம்பர் போட வேண்டிய சர்வீஸுக்கு ஏழாம் நம்பர் பந்தை வாங்கிக்கொண்டு பின்கோட்டுக்குப் போகிறாள். எனக்கு உறைக்கவே இல்லை. ஸ்கோரர் மேஜையில் ஒரு டீச்சர். ஷீட்டில் ரொட்டேஷன் கட்டத்தின் மேல், அதாவது சர்வீஸ் வரிசை எழுதிய கட்டத்தின் மேல், அவருடைய இடது கை விரல் இருந்தது. தலையைத் தூக்கி நம் பெண்ணைப் பார்த்தார். மறுபடி விரல் இருந்த கட்டத்தைப் பார்த்தார். பேனா தாளைத் தொடாமல் நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. நம் பெண் பந்தை அடித்த அந்த நொடியில் மேஜை மணியைத் தட்டினார். ரொட்டேஷன் ஃபால்ட். 13-13, சர்வீஸும் போனது. 13-15ல் தோற்றோம்.

நான் மேஜைக்குப் போய் கையை ஓங்கித் தட்டி, "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அந்த டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "சார், அந்தப் பக்கமும் ஒரு பொண்ணுங்க டீம் நிக்குது" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன பேச? விதியும் அதைத்தான் சொல்கிறது. சர்வீஸ் வரிசை தப்பினால் பந்து அடிபட்ட உடனே ஸ்கோரர் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் மூச்சு விடக்கூடாது. யார் எப்போது சர்வீஸ் போடவேண்டும் என்று நினைவில் வைத்திருப்பது விளையாட்டின் ஒரு பாகம். அதை மேஜையிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தால், அவர் நமக்கு ஏழாவது ஆட்டக்காரராகிவிடுவார்.

ஆனால் இதே ரொட்டேஷன் விஷயத்தில் இன்னொன்றையும் கவனி. செட் தொடங்கும் முன் செகண்ட் ரெஃப்ரி, அதாவது கீழே நிற்கும் இரண்டாம் நடுவர், லைன்-அப் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு பேரும் எழுதிக் கொடுத்தபடி நிற்கிறார்களா என்று பார்க்கிறார் இல்லையா? யாராவது இடம் மாறி நின்றால் அங்கேயே சொல்லித் திருத்திவிட வேண்டும், தண்டனை கிடையாது. ஒரே தவறு. விசிலுக்கு முன்னால் தெரிந்தால் சொல்ல வேண்டும், ஆட்டம் ஓடும்போது தெரிந்தால் சொல்லக்கூடாது. விதியை எழுதியவர்கள் இதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆட்டத்தை ஒழுங்காக நடத்துவதற்கு உதவுகிற வார்த்தை என்றால் சொல்லலாம். ஒரு அணி யோசிக்க வேண்டியதை நீ யோசித்துக் கொடுக்கிற வார்த்தை என்றால் வாயைத் திறக்காதே.

கோச்சின் நடத்தை முதல் வகை. அவரை அவர் இடத்தில் நிற்கச் சொல்வதால் எதிரணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொரு சம்பவம். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை, சொன்னால் மனசு விட்டுவிடுவீர்கள் என்று. வெளியூரில் ஒரு டோர்னமெண்ட், எதிரே உள்ளூர் அணி. ஒரு செட்டுக்கு ஆறு சப்ஸ்டிட்யூஷன்தான், அதாவது ஆறு ஆள் மாற்றம்தான். அஞ்சாவதும் ஆறாவதும் முடியும்போது அதைக் கோச்சுக்குத் தெரிவிக்க வேண்டியது செகண்ட் ரெஃப்ரியின் வேலை. விதி மீறப்படுவதற்கு முன்னாலேயே கோச்சை எச்சரிக்கச் சொல்லும் ஏற்பாடு விதிக்குள்ளேயே இருக்கிறது, பார். உள்ளூர் கோச்சிடம் அந்த ரெஃப்ரி போய், "அண்ணே, அஞ்சு ஆச்சு, இன்னும் ஒண்ணுதான்" என்று சொன்னதை நானே காதால் கேட்டேன். என்னிடம் அஞ்சிலும் சொல்லவில்லை, ஆறிலும் சொல்லவில்லை. 22-22ல் நம் உயரமான பெண்ணை நெட்டில் பந்தைத் தடுக்க, பிளாக்குக்கு உள்ளே அனுப்பினேன். நம்பர் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டோரம் போய் நின்றாள். "முடிஞ்சுது சார், ஆறு ஆயிடுச்சு" என்று திருப்பி அனுப்பினார்கள். பலகையைக் கீழே இறக்காமலே பெஞ்சுக்கு நடந்து வந்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எண்ணிக்கை வைக்காதது என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெஞ்சுக்குச் சொன்ன வார்த்தையை இன்னொரு பெஞ்சுக்குச் சொல்லாமல் விட்டால் அதற்கு எச்சரிக்கை என்று பெயரில்லை. அது பட்சபாதம். நீ எதைச் சொன்னாலும் ரெண்டு பக்கமும் சொல். அண்ணன் என்று கூப்பிடும் பழக்கத்தையும் மைதானத்துக்கு வெளியே வைத்துவிட்டு வா.

நீ போனில் செரீனா விஷயத்தைக் கேட்டாய். 2018 யு.எஸ். ஓபன் டென்னிஸ் இறுதி ஆட்டம், செரீனா வில்லியம்ஸும் நவோமி ஒசாகாவும். கேலரியிலிருந்து செரீனாவின் கோச் பாட்ரிக் மொராடோக்ளூ கையால் சைகை காட்டினார், அப்போது அதற்கு அனுமதி இல்லை என்று நடுவர் கார்லோஸ் ராமோஸ் விதிமீறல் அறிவித்தார். அப்புறம் ராக்கெட்டை உடைத்ததற்கு ஒரு பாயிண்ட், நடுவரைத் திருடன் என்றதற்கு ஒரு கேம் முழுதாகப் போனது. ஒசாகா 6-2, 6-4 என்று ஜெயித்தார், பரிசு வாங்கும் மேடையில் அழுதார். சைகை காட்டியதை மொராடோக்ளூவே பிறகு ஒத்துக்கொண்டார், எல்லா கோச்சும் செய்வதுதான் என்றார். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு ராமோஸ் பக்கம் நின்றது.

"முதல்ல மெதுவா சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றாய். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டென்னிஸில் முதல் விதிமீறலே எச்சரிக்கைதான். பாயிண்ட் எதுவும் போகாது. ராமோஸ் செய்தது எச்சரிக்கைதான். ஆனால் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கப்பட்ட எச்சரிக்கை செரீனாவின் காதில் 'நீ ஏமாற்றுகிறாய்' என்று விழுந்தது. ஏமாற்றி ஜெயிப்பதைவிடத் தோற்பதே மேல் என்று அவர் நடுவரிடம் போய்ச் சொன்னது அதனால்தான். ராமோஸ் விதிப்படி தவறவில்லை, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இடைவேளையில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம், "உங்க கோச் கையை ஆட்டுறார், பார்த்துக்கச் சொல்லுங்க" என்று போயிருந்தால் அந்த நாள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2025 ஜனவரி முதல் கேலரியிலிருந்து கோச் சொல்லித் தருவதை டென்னிஸ் அனுமதித்துவிட்டது.

கால்பந்தில் போக்கு வேறு. 2019-20 சீசன் முதல் கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை வந்துவிட்டது. ஆனால் அங்கேயும் கோச்சுக்கென்று ஒதுக்கிய டெக்னிக்கல் ஏரியாவைத் தாண்டி சும்மா ஒரு அடி வைத்தால் முதலில் எச்சரிக்கைதான், திரும்பத் திரும்பச் செய்தால் அட்டை. கபடியில் பச்சை அட்டை என்று எச்சரிக்கைக்குத் தனியாக ஒரு நிறமே இருக்கிறது, அது உனக்கே தெரியும்.

ஒரு பயம் உனக்கு வரும். முதல் தடவை சும்மா சொல்லித்தான் விடுவார் என்று தெரிந்தால் கோச்சுகள் அந்த ஒரு தடவையை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா? பயன்படுத்துவார்கள். அப்படிச் செய்கிறவர்களை எனக்குப் பெயரோடு தெரியும். அதனால்தான் ஒரு தடவைக்கு மேல் சொல்லாதே என்கிறேன். மஞ்சள் அட்டை காட்டிவிட்டால் அந்த ஆட்டம் முழுக்க அந்த ஆள் மட்டுமல்ல, அணியே தண்டனையின் வாசலில் நிற்கிறது என்றுதான் விதி சொல்கிறது. மூன்றாம் தடவையும் கேப்டனைக் கூப்பிட்டு "சொல்லிடுப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தால் உன் விசிலை யாரும் மதிக்க மாட்டார்கள். சொன்னாய் என்றால், அடுத்தது அட்டை. அப்போது 24-23ஆக இருந்தாலும் காட்டு. அன்றைக்கு உனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

சொல்லும் விதமும் முக்கியம்மா. ஸ்டாண்டிலிருந்து கோச்சைப் பார்த்துக் கத்தாதே. பந்து செத்த பிறகு கேப்டனைக் கூப்பிடு. குனிந்து, அவளுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், "உங்க சாரை அவர் இடத்துல நிக்கச் சொல்லு" என்று சொல். அவள் போய் சாரிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காதே, சர்வீஸ் போடுகிறவளைப் பார். கோச் தலையாட்டுவதற்கு நீ சாட்சியாக நிற்காவிட்டால் அவர் சீக்கிரம் தலையாட்டுவார். இதை நான் ஒரு கோச்சாக இருந்து சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு உனக்கு மறுபடி ஆட்டம் இருக்கிறது என்றாயே, அதே கோச்சின் அணியும் வருகிறதாமே. அவரிடம் தனியாகப் போய் மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். டாஸ் முடிந்ததும் ரெண்டு கோச்சையும் ஒன்றாகக் கூப்பிட்டு, எதுவரைக்கும் நடக்கலாம் என்று கோட்டைக் கையால் காட்டிவிட்டு ஸ்டாண்டில் ஏறு. நான் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். ஸ்கோரர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன், ஆட்டம் முடியும்வரை என் பக்கம் பார்க்காதே.

அன்புடன்,
உன் பி.டி. சார்