விரையில் கட்டி என்று வரும் இளைஞரை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மருத்துவர்களுக்கு,

வணக்கம். விரையில் கட்டி இருப்பதைப் பல வாரம் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கடைசியில் ஒரு இளைஞர் வாய் திறப்பது பெரும்பாலும் உங்களிடம்தான். அந்த முதல் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

15 முதல் 40 வயது வரையிலான ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் விரைப்புற்று முன்வரிசையில் இருக்கிறது. பெரும்பாலானவை விந்தணுவை உருவாக்கும் மூல உயிரணுக்களில் தொடங்குபவை. சில மிக வேகமாக வளரும். ஆனாலும் விரையைத் தாண்டாத நிலையில் பிடித்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள். இங்கே கெடுப்பது தாமதம்.

அந்தத் தாமதம் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் சீட்டில் ஆரம்பிக்கிறது. தொற்று என்றால் விரைக்குப் பின்னால் உள்ள எபிடிடிமிஸ் என்ற விந்துக்குழாய்ச் சுருள் வீங்கி, தொட்டாலே வலிக்கும். காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ கூடவே இருக்கலாம். புற்றுக்கட்டி விரையின் உடலிலேயே, கூழாங்கல் பதிந்ததுபோல் கெட்டியாக, பெரும்பாலும் வலியின்றி இருக்கும். கட்டைவிரலை முன்னும் இரண்டு விரல்களைப் பின்னும் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். பின்புறம் தட்டுப்படும் மென்மையான கயிறு போன்றது இயல்பானது. விரையிலிருந்து பிரிக்க முடியாத கெட்டிதான் சந்தேகத்துக்குரியது. வலி இருப்பதாலேயே புற்று இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவுகிறது, வெறும் ஹைட்ரோசீல் (விரையைச் சுற்றி நீர் கோர்ப்பது) என்று நின்றுவிடாதீர்கள். அந்த நீருக்குள்ளேயே கட்டி ஒளிந்திருக்கலாம். சந்தேகம் வந்த அன்றே அல்ட்ராசவுண்ட் எழுதுங்கள். தொற்று என்று மருந்து கொடுத்து இரண்டு வாரத்தில் வீக்கம் வடியவில்லையா, இரண்டாவது ஆன்டிபயாட்டிக் வேண்டாம், ஸ்கேன்தான் வேண்டும்.

மன்றாடிக் கேட்கிறோம்: ஊசி குத்தியோ, விரைப்பையைக் கிழித்தோ பரிசோதனைக்குச் சதை எடுக்க விடாதீர்கள். விரையின் நிணநீர் வயிற்றின் பின்புறம் உள்ள முடிச்சுகளுக்குப் போகிறது. விரைப்பைத் தோலின் நிணநீரோ தொடை இடுக்குக்கு. பையைத் திறந்தால் புற்று பரவும் பாதையே மாறிவிடக்கூடும். அதனால்தான் விரையை எப்போதும் அடிவயிற்று இடுக்கு வழியாக, அதைத் தாங்கும் விந்து நாணோடு சேர்த்து எடுக்கிறோம்.

அறுவைக்கு முன்பே ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று புற்றுக் குறியீடுகளுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். இவை இயல்பாக இருந்தாலும் புற்று இல்லை என்று அர்த்தமில்லை. அறுவைக்குப் பின் ஏ.எஃப்.பி. 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறையும், எச்.சி.ஜி. ஒன்று ஒன்றரை நாளுக்கு ஒருமுறையும் பாதியாகக் குறைய வேண்டும். குறையாமல் நின்றால் நோய் வேறெங்கோ மிச்சம் இருக்கக்கூடும். முதல் அளவே இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது?

விந்து சேமிப்பையும் அப்போதே பேசிவிடுங்கள். கீமோ தொடங்கிவிட்டால் காலம் கடந்துவிடும்.

பரவாத நிலையில் பலருக்கு அறுவைக்குப் பின் கண்காணிப்பே போதும். பரவியிருந்தால் பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ. 21 நாளுக்கு ஒரு சுற்றாக மூன்று அல்லது நான்கு சுற்று. 1974-இல் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினைச் சேர்த்துக் கொடுத்ததிலிருந்துதான் பரவிய விரைப்புற்றும் குணமாகும் நோயானது. கீமோவுக்கு நடுவில் சளி, சோர்வு என்று அந்த இளைஞர் உங்களிடம் வந்தால் "ஒரு சுற்று தள்ளிப்போடலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். இடைவெளி நீண்டால் குணமாகும் வாய்ப்பு குறையும். ஆனால் காய்ச்சல் என்றால் அதே மணிநேரத்தில் எங்களிடம் அனுப்புங்கள். வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் பிளியோமைசின் நுரையீரலைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அதையும் உடனே சொல்லுங்கள்.

இன்னொன்று. "இனி நான் ஆம்பளையா?" என்ற கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: மற்ற விரை நன்றாக இருந்தால் ஹார்மோனுக்கும் தாம்பத்தியத்துக்கும் பொதுவாக அது ஒன்றே போதும், விரும்பினால் எடுத்த இடத்தில் செயற்கை விரை வைத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
புற்றுநோய்ச் சிகிச்சையில் பணிபுரிவோர்