நிலாப் பெண்ணும் ரோமும்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் மறக்காமல் போடச் சொல். இங்கே பெரியவனுக்கு கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். 'சைலர் மூன்' பார்த்துவிட்டு, "இவள் ரோமானிய தெய்வமா?" என்று உன்னைக் குடைகிறாளாமே! ஆள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாய். 1992-ல் தொடங்கிய அந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை (அனிமே) இந்த வயதிலும் உட்கார்ந்து பார்ப்பவள் நான்.

ரோம் அதில் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. நாயகி உசாகி சுகினோ. நிலவின் முயல் என்பதைத்தான் அப்படிப் பெயராக்கியிருக்கிறார் கதையை உருவாக்கிய நவோகோ தகேயுச்சி. நாம் நிலாவில் பார்க்கும் அதே முயல், ஜப்பானில் உலக்கையால் மாவு இடிக்கிறது. அவளும் தோழிகளும் ஆளுக்கொரு கோளின் பெயரில் போராடும் வீராங்கனைகள். அதிலும் ரோமை விட நம் காலண்டர்தான் தெரிகிறது. மகளிடம் காட்டு: திங்கள் உசாகி, செவ்வாய் ரெய், புதன் அமி, வியாழன் மகோதோ, வெள்ளி மினாகோ. ஜப்பானியக் கிழமைகளும் இதே வரிசைதான். ஆனால் அங்கே செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு நீர், வியாழனுக்கு மரம், வெள்ளிக்கு உலோகம் என்று சீனத்து ஐம்பூதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் ரோமில் வணிகர்களுக்கும் தூதர்களுக்கும் தெய்வமான மெர்குரி (நம் புதன்), இங்கே தண்ணீரை ஏவும் படிப்பாளிப் பெண்.

ரோம் எட்டிப் பார்ப்பது இரண்டு பேரிடம். மகோதோவின் குடும்பப் பெயரில் மரம் இருந்தாலும் கையில் இருப்பது இடி. அது வியாழனுக்குரிய ரோமானிய தெய்வம் ஜூபிட்டரின் ஆயுதம். மினாகோவுக்கு உலோகப் பெயரே வைக்கவில்லை. 'அய்னோ' என்று காதலை வைத்துவிட்டார். வெள்ளிக்குரிய காதல் தெய்வம் வீனஸுக்கு வேறு எதை வைப்பது?

கதையில் வரும் பூனைகள்தான் எனக்குப் பிடித்த இடம். ஒன்றின் பெயர் லூனா, அது ரோமானிய நிலா தெய்வத்தின் பெயர். ரோமில் அவென்டைன் குன்றின்மேல் அவளுக்குக் கோயில் இருந்தது, கி.பி. 64-ல் நகரம் எரிந்தபோது அதுவும் போயிற்று. இன்னொன்று ஆர்ட்டெமிஸ். கிரேக்கத்தில் பெண் தெய்வம், இங்கேயோ ஆண் பூனை! இந்த இருவருக்கும் பிறக்கும் குட்டி டயானா. ஆர்ட்டெமிஸை ரோமானியர் அழைத்த பெயரே அதுதான். அப்பாவையே மகளாக்கியதுபோல ஒரு குறும்பு.

அப்புறம் காதல் கதை. உசாகி முற்பிறவியில் நிலவின் இளவரசி செரினிட்டி. நிலாவில் ஒரு சமவெளிக்கு 'மாரே செரெனிடாடிஸ்' (அமைதிக் கடல்) என்று 1651-ல் இத்தாலிய வானியலாளர் ரிச்சியோலி பெயர் வைத்தாரே, அந்தப் பெயரின் சாயல். அவள் காதலன் பூமியின் இளவரசன் எண்டிமியோன். கிரேக்கக் கதையில் அவன் லாட்மோஸ் மலையில் என்றென்றும் தூங்கும் அழகன். நிலா தெய்வம் செலீனே இறங்கி வந்து அவனைப் பார்ப்பாள். இந்தக் காட்சியை ரோமானியர்கள் கல் சவப்பெட்டிகளில் திரும்பத் திரும்பச் செதுக்கினார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மூன்றாம் நூற்றாண்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. சாவைத் தூக்கமாக நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள் போல.

தகேயுச்சி அந்தத் தூக்கத்தைக் கலைத்துவிட்டார் என்பதுதான் என் கட்சி. அவருடைய எண்டிமியோன் மறுபிறவி எடுக்கிறான், நினைவு தப்பி எதிரியின் பக்கம் போய் நிற்கிறான். பரீட்சையில் கோட்டை விடும், எதற்கெடுத்தாலும் அழும் இந்தப் பெண் போராடி அவனை மீட்கிறாள். செலீனே ஏங்கிப் பார்த்ததோடு சரி.

மொத்தம் 200 எபிசோடு, படிப்பு கெடும். முதல் 46-ஐ மட்டும் விடுமுறையில் பார்க்கச் சொல். டயானா அதில் வரமாட்டாள், முன்பே சொல்லிவிடு, இல்லாவிட்டால் என்னைத் திட்டுவாள்.

பொங்கலுக்கு வருகிறாயா? பதில் போடு.

அன்புடன்,
விஜயா