காக்பிட் வடிகுழாய்க்குக் கை எட்டட்டும்

சிறு பாய்மரப் படகு கட்டும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். காக்பிட்டில், அதாவது படகோட்டுபவர் உட்காரும் பள்ளமான பகுதியில், தரைக்கு அடியில் நீங்கள் மூடி ஒட்டிவிடும் அந்த வடிகுழாய் பற்றித்தான் இந்த மடல்.

பின்னாலிருந்து ஒரு பெரிய அலை ஏறினால், சின்னக் காக்பிட்டிலும் 400 லிட்டர் தண்ணீர் நின்றுவிடும். ஐந்தாறு பேர் எடை அது. படகின் பின்பக்கம் தாழும், அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறும். 8.5 மீட்டருக்குக் குறைந்த படகில் 25 மி.மீ. விட்டத்தில் இரண்டு துளைகளுக்கு ஈடான வழியாவது அடைப்பில்லாமல் இருக்க வேண்டும் என்கின்றன வேர்ல்ட் செய்லிங் என்ற சர்வதேசப் பாய்மரப் படகோட்ட அமைப்பின் ஆழ்கடல் பந்தய விதிகள். துளை என்னவோ சரியாகத்தான் போடுகிறீர்கள். அதன்மேல் வைக்கும் வலைத்தட்டு வழியில் பெரும்பகுதியை அடைத்துவிடுகிறது.

அதைக்கூடக் கழற்றிவிடலாம். வடிகுழாயாக உள்ளே ஓடும் ரப்பர் ஹோஸை என்ன செய்வது? வருடங்கள் போகப் போக ரப்பர் இறுகி, கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் வெடிக்கிறது. வெளித்துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீரை வெளியேற்ற வைத்த குழாயே கடலை உள்ளே கொண்டுவரும். ஆளில்லாமல் நங்கூரத்தில் நிற்கும் படகு அப்படியே மூழ்கிவிடும். வெளித்துளையில் உள்ள வால்வை மூடலாம்தான், ஆனால் அதற்கும் கை எட்டாது.

கை எட்டாததால் படகுக்காரர்கள் மேலிருந்தே சீலன்ட் பூசுகிறார்கள். கசிவு நிற்பதில்லை. திருகாணித் துளை வழியே நீர் தரைக்குள் நடு அடுக்காக வைத்திருக்கும் மெல்லெடை பால்சா மரத்துக்குள் இறங்குகிறது. ஸ்குரூடிரைவர் பிடியால் தரையைத் தட்டிப் பாருங்கள்: நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கேட்கும், ஊறிய இடத்தில் ‘தொப்’ என்று அமுங்கும். அப்புறம் பிரித்து, ஊறிய மரத்தைத் தோண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, கெட்டியான எபாக்சிப் பிசின் நிரப்பி, மறுபடி துளை போட வேண்டியிருக்கிறது. துளையைச் சுற்றி எபாக்சி நிரப்பும் வேலையைப் பட்டறையிலேயே செய்துவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு?

படகை ஒப்படைக்கும் முன் துளைகளை அடைத்து, காக்பிட்டில் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் சாயம் தெரிந்தால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அடுத்த மாடலில் ஹோஸின் இரு முனைகளுக்கும் கை நுழையும் அளவுக்கு ஒரு மூடி வையுங்கள். ஏற்கெனவே விற்ற படகுகளுக்கு, தரையை எங்கே வெட்டினால் பலம் குறையாது என்று காட்டும் வரைபடம் கொடுத்தால் போதும். வெட்டி மூடி போடுவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறு படகு வைத்திருக்கும் ஒருவர்