போத்தலோடு வரும் ஆய்வாளர்களுக்கு

இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆய்வு செய்யும் மருத்துவ ஆய்வாளர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு குழு எங்கள் லயத்துக்கு வந்தது. வீட்டுக்கு வீடு சின்னப் போத்தல் கொடுத்து, மறுநாள் காலையில் மலத்தை வாங்கிப் போனது. என் மகளின் போத்தலில் 47 என்று ஒட்டியிருந்தது. அந்த 47க்குக் குடலில் இருந்து இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு இருந்ததா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இந்தப் புழுவை 1838இல் மிலான் நகரில் ஒரு குடியானவப் பெண்ணின் சடலத்தில் கண்டவர் ஆஞ்செலோ துபினி. அது உடலுக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் நெடுநாள் புதிர். கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியரின் கையில் புழுக்குஞ்சுகள் இருந்த நீர் தவறிச் சிந்தியது. பட்ட இடம் சிவந்து அரித்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே முட்டைகள்! தோல் வழியாகவும் நுழையும் என்று 1898இல் எழுதினார். அந்த அரிப்பு எங்கள் அம்மாயிமாருக்குப் புதிதல்ல. மழையில் வெறுங்காலோடு தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்கள் அவர்கள்.

1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. மருந்து குடித்தார்கள், புழு விழுந்தது. மலசலகூடம் கட்டத்தான் தோட்டத் துரைமார் பலருக்குக் கை வரவில்லை. குணமானவர் மறுநாளும் மலத்தோடு புழு முட்டை கலந்த அதே மண்ணைத்தான் மிதித்தார். புழு திரும்பி வந்தது. லூஸ் எழுதி 18 வருடங்கள் ஆகியிருந்தன.

அமெரிக்கப் பத்திரிகைகள் 1902இல் இதற்குச் ‘சோம்பேறிக் கிருமி’ என்று பெயர் வைத்தன. இங்கே புழுவுக்கு அந்தப் பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. இரத்தம் வற்றி மலையேற முடியாமல் மூச்சு வாங்கியவள்தான் சோம்பேறி, அவளுக்கு அரைப்பேர், பாதிநாள் சம்பளம்தான்.

ஆய்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. பூச்சி மாத்திரை பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை வந்திருப்பது ஆய்வின் பலன்தான். ஆனால் எத்தனை பேருக்குப் புழு என்று எண்ணும்போது, எத்தனை வீடுகளுக்கு ஒரு மலசலகூடம், பீலிக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். முடிவு வந்ததும் அவரவருக்குரியதை அவரவர் கையில் தமிழில் கொடுங்கள். தோட்டத்துக்குரிய மொத்தக் கணக்கைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிராச் சுவரில் ஒட்டுங்கள். விளக்கிச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்று வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு இல்லை, எல்லோரும் வீட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
மாத்தளைப் பக்கத் தோட்டத்துத் தாய் ஒருத்தி